ஷெட்டில் தூங்கும் ஹெரால்டு: கைவிட்ட பழைய கார்களை மீட்பது பற்றிச் சில குறிப்புகள்

மதுரை–திண்டுக்கல் ரோட்டில் பரவை காய்கறி மார்க்கெட்டைத் தாண்டி சமயநல்லூர், தேனூர், சோழவந்தான் என்று உள்ளே போகிற ரோடுகளில் மெதுவாகப் போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். மூடிக் கிடக்கிற ரைஸ் மில், ஆள் இல்லாத பெரிய வீடு, பழைய ஆஸ்பத்திரிக் காம்பவுண்டு, இவற்றின் ஏதோ ஒரு மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் நிற்கும். நாலு டயரும் மண்ணோடு மண்ணாக அமுங்கியிருக்கும். பம்பருக்கு நடுவில் சீமைக் கருவேலம் முளைத்து மேலே போயிருக்கும். உள்ளே குளவிக் கூடு.

கொஞ்ச வருஷமாக இந்த மாதிரி வண்டிகளைத் தேடுவதும், விசாரிப்பதும், முடிந்தால் வீட்டுக்குக் கொண்டு வருவதும் எனக்குப் பொழுதுபோக்கு. அதில் கற்றதைக் குறிப்புகளாக எழுதி வைக்கிறேன். நிறையப் பேர் "இன்ஜினை எப்படி ஓட வைப்பது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு பழைய கார்கள்?

மதுரைக்கும் மோட்டார் தொழிலுக்கும் நூறு வருஷத்துக்கு மேல் தொடர்பு உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்துக்கு மதுரைதான் தாய்வீடு. பஸ் ஓட்டியது, லாரி விற்றது, பாகங்கள் விற்றது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒர்க்‌ஷாப் நடத்தியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயுவில் வண்டி ஓட்டும் கருவியைச் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். 1972இல் பஸ்கள் அரசுடைமையாகி பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகும், அந்த ஒர்க்‌ஷாப்புகளில் தொழில் படித்தவர்களும் அவர்களிடம் படித்தவர்களும் ஊர் முழுக்கப் பட்டறை போட்டார்கள். அதனால் கிராமத்தில் கார் வாங்கினாலும் பார்க்க ஆள் இருந்தது.

வண்டிகளைப் பொறுத்தவரை 1954 ஒரு முக்கியமான வருஷம். பம்பாயில் 1928 முதல் கார்களைப் பூட்டி விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வருஷம் மூடிக்கொண்டு போனது. வெறுமனே பூட்டி விற்பது போதாது, பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்பது அரசின் கொள்கையாகிவிட்டது. அதன் பிறகு சாமானியர் வாங்கக்கூடிய புது கார் என்றால் மூன்றே மூன்றுதான்: உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், பம்பாயில் பிரீமியர் செய்த ஃபியட், சென்னைக்கு வெளியே ஸ்டாண்டர்டு மோட்டார் செய்த ஹெரால்டு. அம்பாசடர் 2014 வரை வந்தது. ஃபியட், பத்மினி என்ற பெயரில் இந்த நூற்றாண்டின் வாசல் வரை வந்தது. ஹெரால்டு 1961இல் வந்து எழுபதுகளின் தொடக்கத்தில் கெசலுக்கு இடம் விட்டது. அதைச் செய்த கம்பெனியும் எண்பதுகளின் இறுதியில் கார் செய்வதை நிறுத்திவிட்டது.

நம்ம ஊர் ஷெட்டுகளில் அதிகம் அனாதையாக நிற்பது இந்த ஹெரால்டுதான் என்பது நான் பார்த்த அளவில் உண்மை. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் டாக்சிக்காரர்கள் இருந்தார்கள், அதனால் பாகங்கள் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஹெரால்டு டாக்டர், வக்கீல், காலேஜ் வாத்தியார் வைத்திருந்த வீட்டு வண்டி. கம்பெனி போனதும் அதற்குப் போக்கிடம் இல்லாமல் போச்சு.

கண்டுபிடிப்பது: வண்டியை அல்ல, ஆளை

வண்டி கண்ணில் படுவது பெரிய விஷயம் இல்லை. அது யாருடையது, அவர் எங்கே, வாரிசு யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. டீக்கடையில் கேட்கலாம். அதைவிட நல்ல இடம் பழைய குஷன் கடையும் ரேடியேட்டர் அடைக்கிற கடையும். "அந்த வாத்தியார் வீட்டுக் காருக்கு நான்தான் சீட் தச்சேன்" என்று சொல்ல ஒருத்தர் இருப்பார்.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். கருவேலங்காட்டுக்குள் கிடந்தாலும் அது புதையல் இல்லை. இருபது வருஷம் நின்றாலும் சொந்தக்காரர் சொந்தக்காரர்தான். அவர் இல்லையென்றால் வாரிசு. கேட்காமல் ஒரு ஹெட்லைட் கண்ணாடியைக் கழற்றினாலும் அது திருட்டு.

வைகைக்கு அந்தக் கரையில் ஒரு கிராமத்தில் நாலு கதவு ஹெரால்டு ஒன்று ஓட்டுக் கொட்டகையில் நின்றது. வீட்டுக்காரர் காலமாகிப் பல வருஷம். அவர் மனைவி தனியாக இருக்கிறார், எண்பதை நெருங்கும் வயது. பிள்ளைகள் இருவர், ஒருத்தர் சென்னை, ஒருத்தர் வெளிநாடு. நான் போன வாரம்தான் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துக்கொள்வதாகப் பேசிவிட்டுப் போயிருந்தார். அந்த அம்மா என்னைக் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, கொண்டுபோயி ஓட்டுவீங்களா, இல்ல உடைச்சு விப்பீங்களா?"

"ஓட்டத்தாம்மா."

"அப்ப பசங்ககிட்ட நான் பேசுறேன். ஆனா அவசரப்படுத்தக் கூடாது."

இரண்டு பிள்ளைகளின் சம்மதமும் காகிதமாகக் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. நடுவில் இரும்புக் கடைக்காரர் இரண்டு முறை வந்து விலையை ஏற்றிக் கேட்டிருக்கிறார். அந்த அம்மா கொடுக்கவில்லை. பழைய கார் பிழைப்பதும் அழிவதும் பெரும்பாலும் இப்படி ஒரு வீட்டுத் திண்ணையில்தான் முடிவாகிறது, ஒர்க்‌ஷாப்பில் இல்லை.

காகிதம்

புக் இல்லாத வண்டி என்றால் அது அலங்காரப் பொருள்தான், கார் இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சேஸிஸ் நம்பர். தகட்டில் இருப்பதையும், இரும்பில் அடித்திருப்பதையும், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதையும் ஒப்பிட வேண்டும். தாளை வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் எப்படியும் கேட்பார்கள். மூன்றும் ஒத்துப் போகவில்லை என்றால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது.

சொந்தக்காரர் இறந்திருந்தால், வாரிசு முதலில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற ஒப்புதலும் வேண்டும். பிறகு விற்பவரும் வாங்குபவரும் போடும் படிவம் 29, 30. ஆர்.சி. தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டுப் படிவம் 26. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருஷத்துக்குத்தான் செல்லும், அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நின்ற வண்டிக்கு அது எப்போதோ முடிந்திருக்கும். வரி பாக்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த வண்டிகளின் நம்பர் எல்லாம் 1989இல் 'டி.என்.' வரிசை வருவதற்கு முந்தையவை. அதனால் பலவற்றின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. பழைய ரிஜிஸ்டரில் தேடி ஏற்ற வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும்.

50 வயது தாண்டிய வண்டிக்கு இன்னொரு வழி உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத கார்களையும் இரு சக்கர வண்டிகளையும் 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய வழி செய்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு 10 வருஷம் செல்லும். நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும், முன்பே பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். நிபந்தனைகள் இரண்டு. ஒன்று, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிய அளவில் மாற்றியிருக்கக் கூடாது. டீசல் இன்ஜின் ஏற்றிய அம்பாசடரெல்லாம் இதில் மாட்டிக்கொள்ளும். இரண்டு, அந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று போய் வரலாம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அழகர்கோயிலுக்குக் குடும்பத்தோடு போக ஆசை என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே சரி.

இழுத்து வருவது

கயிறு கட்டி இழுப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். இருபது வருஷம் நின்ற காரில் பிரேக் கிடையாது. முன்னால் போகிறவர் பிரேக் போட்டால் பின்னால் வருவது அவர் முதுகில்தான் வந்து நிற்கும். படுக்கை வைத்த ரெக்கவரி வண்டிதான் பாதுகாப்பு. ஹெரால்டு ஏறத்தாழ 800 கிலோ, பத்மினி 900க்குப் பக்கம், அம்பாசடர் ஒரு டன்னுக்கு மேல். ஆள் பலத்தை அதற்கேற்ப ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள்.

கை வைப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். நீளமான கம்பால் தட்டிப் பாம்பு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கருவேலம் செடியை இழுக்காமல் அறுத்து எடுங்கள், இழுத்தால் பிரேக் பைப்பும் சேர்ந்து வரும். டியூப் டயர் வெடித்திருந்தாலும் பழைய சக்கரம் நான்கு கடன் வாங்கி மாட்டினால் வண்டி உருளும். பிரேக் ஷூ துருவோடு டிரம்மில் ஒட்டியிருந்தால் உருளாது. டிரம்மின் ஓரத்தில் மரக்கட்டை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் விட்டுக் கொடுக்கும். ஜாக்கி போடும் இடம் துருப்பிடித்து உள்ளே போகும் என்பதால் எப்போதும் ஆக்ஸிலுக்கு அடியில்தான் போட வேண்டும், முட்டுக் கொடுக்காமல் கீழே போகக் கூடாது.

ஹெரால்டுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. முன் சக்கரங்கள் திரும்புவது கீழே உள்ள ட்ரனியன் என்ற வெண்கலத் துண்டில். அதற்குக் கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில்தான் போட வேண்டும். வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த ட்ரனியன், ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டுப் பிறகு நகர்த்துங்கள்.

இதே ஹெரால்டுக்கு ஒரு பெரிய வசதியும் உண்டு. அதன் கதை சுவாரஸ்யமானது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்து வந்த நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்ய ஆள் கிடைக்காததால், தனி சேஸிஸ் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டுப் பூட்டுகிற மாதிரி ஹெரால்டை வடிவமைத்தார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலியர் மிக்கலாட்டி. அன்றைய அந்த நெருக்கடிதான் இன்றைக்கு நமக்கு லாபம். துருப்பிடித்த பாகத்தை மட்டும் கழற்றி டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்வதால் நின்றுகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். ஃபியட், அம்பாசடரில் பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழ் இருக்கும் படி துருப்பிடித்துப் போயிருந்தால் வண்டியின் முதுகெலும்பே போன மாதிரி. வாங்கும் முன் அந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

மதுரைப் பக்கத்து வறண்ட காற்று இரும்புக்கு நல்லது, சென்னைக் கடற்கரை வண்டிகளை விட நம்ம வண்டிகள் தகடு நன்றாக இருக்கும். ஆனால் வெயிலில் ரப்பர் எல்லாம் வெடித்திருக்கும். கதவு அட்டையையும் மரத்தையும் கரையான் தின்றிருக்கும். ஒயரை எலி கடித்திருக்கும்.

உயிர் கொடுப்பது

வீட்டுக்கு வந்த அன்றைக்கே பேட்டரி கட்டி செல்ஃப் அடிக்கிற ஆசையை அடக்க வேண்டும். நான் பின்பற்றும் வரிசை இது.

*பிரேக் முதலில்.* ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஓடி, நிற்காத வண்டியால் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கும். எல்லா ரப்பரும் மாற்ற வேண்டும். அரித்த மாஸ்டர் சிலிண்டருக்கு லேத் பட்டறையில் ஸ்லீவ் போடலாம்.

*பிறகு இன்ஜின் சுற்றுகிறதா என்று.* பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து விட்டு ஒரு வாரம் விடுங்கள். பிறகு அம்பாசடர், ஃபியட்டானால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றலாம். இல்லையென்றால் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டலாம். அசையவில்லை என்றால் இன்னொரு வாரம். பலம் காட்டினால் ரிங் உடையும். சுற்றத் தொடங்கியதும் மேல் மூடியைத் திறந்து எல்லா வால்வும் ஏறி இறங்குகிறதா பாருங்கள். ஒன்று ஒட்டியிருந்தாலும் புஷ் ராடு வளைந்துவிடும்.

*ஆயில்.* பழையதை வடிக்கும்போது பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நல்லபடி இருந்தால் புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் வரும்வரை சுற்றவிட்டு, பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும்.

*பெட்ரோல்.* டேங்கில் உள்ளது பிசின் ஆகியிருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவும்வரை தனியாக ஒரு கேனிலிருந்து டியூப் போட்டு ஓட்டலாம். கார்புரேட்டர் ஜெட் எல்லாம் ஊதிச் சுத்தம் பண்ண வேண்டும். இன்றைய பெட்ரோல் பற்றி இரண்டு விஷயம். 2000இலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். ஈயம் பழைய இன்ஜின்களின் வால்வு சீட் தேயாமல் காத்தது, அதனால் ஹெட் கழற்றும்போதே கடினமான சீட் போட்டுவிடுவது நல்லது. அடுத்தது எத்தனால். 2025இல் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டது. எத்தனால் அந்தக் காலத்து ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் கரைத்துவிடும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கைக் காலி பண்ணி வையுங்கள்.

*கரண்ட்.* பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இப்போதைய பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் புகைதான் வரும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்டைத் தேய்த்து, அதிகபட்சம் திறக்கும் இடத்தில் சுமார் 0.4 மி.மீ. இடைவெளி வைத்தால் பெரும்பாலும் பொறி வந்துவிடும்.

நான் சொன்ன ஹெரால்டின் முன்பெட்டியில் ஒரு டைரி இருந்தது. வீட்டுக்காரர் ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதையும், கிலோமீட்டரையும், சர்வீஸையும் எழுதி வைத்திருக்கிறார். கடைசிப் பதிவு 1994. "கிளட்ச் கிட் எங்கும் கிடைக்கவில்லை" என்று ஒரு வரி. அவ்வளவுதான், அதற்கு மேல் பக்கங்கள் காலி. ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்காக ஒரு நல்ல கார் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேட்டால் இன்றும் கிடைக்காது. சிலிண்டரின் உள் அளவைச் சொல்லிக் கேட்டால் வேறு வண்டியின் ரப்பர் பொருந்தும். எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. டைரியை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். "கணக்கு எழுதாம தூங்க மாட்டாரு" என்றார்.

யாழ்ப்பாணம் கற்றுத்தந்தது

பாகம் இல்லை, எரிபொருள் இல்லை என்று கார்கள் சாக வேண்டியதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய சாட்சி யாழ்ப்பாணம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காதபோது அங்கே ஆஸ்டின், மோரிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்தம் குறைந்த பழைய இன்ஜின் என்பதால்தான் அது தாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் ஆயிலில் இறங்கி அதை நீர்த்துப் போகச் செய்யும் என்பதால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போக அந்த வண்டிகள்தான் இருந்தன. தேவை இருந்ததால் கார் பிழைத்தது. இங்கே தேவை தீர்ந்ததால் ஷெட்டுக்குப் போனது.

கட்டுபடி ஆகுமா?

ஆகாது. 2014இல் பிரான்ஸில் பேயோன் குடும்பத்துப் பண்ணையில் அறுபது கார்கள் மட்கிக் கிடந்ததைக் கண்டுபிடித்து, அடுத்த வருஷம் பாரீஸில் தூசியைக்கூடத் துடைக்காமல் ஏலம் விட்டார்கள். ஒரு ஃபெராரி மட்டும் 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. அதைப் படித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம். ஹெரால்டை முழுதாகச் சரிசெய்ய ஆகும் செலவு அதை விற்றால் வராது. இரும்புக் கடைக்காரர் கணக்கில் தப்பே இல்லை.

ஆனால் அவர் தராசில் ஏறாத ஒன்று இருக்கிறது. ஸ்டாண்டர்டு, நம்ம மாநிலத்தில் நம்ம ஆட்கள் செய்த கார். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது, பிறந்த நாடான இங்கிலாந்தில்கூடக் கிடையாது. அதன் கார்புரேட்டரைச் சத்தத்தை வைத்தே சரிசெய்யும் மெக்கானிக்குகள் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். வண்டி இருந்தால்தான் அவர்களிடம் கேட்டுக் கற்க ஒரு காரணம் இருக்கும்.

உங்கள் தாத்தா வீட்டிலோ பெரியப்பா வீட்டிலோ ஒரு கார் நிற்கிறது என்றால், அதை நீங்கள் ஓட்டப் போவதில்லை என்றாலும் மூன்று வேலை மட்டும் செய்யுங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து நகல் எடுத்து வையுங்கள். சேஸிஸ் நம்பரைப் பென்சிலில் பிரிண்ட் எடுத்து அதோடு சேர்த்து வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே வாரிசு மாற்றத்தை முடித்துவிடுங்கள். அதன் பிறகு அந்தக் கார் எத்தனை வருஷம் நின்றாலும் பரவாயில்லை, யாராவது வந்து எழுப்ப முடியும்.